யார் செலவில்?

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு நகராமல் நிற்பதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. அத்தனையும் எனக்குத் தெரியும். பணியில் இருந்தவரை அதுதான் என் படிப்பு. ஆனால் ஓர் ஆங்கிலச் சொல்லுக்காகக் கோப்புகள் நின்றது, எனக்குத் தெரிந்து, திருவண்ணாமலையில் நாங்கள் வேலை பார்த்த அலுவலகத்தில் மட்டும்தான். நிறுத்தியவர் எங்கள் கண்காணிப்பாளர் அம்மா. அப்போது நான் அங்கே மேலாளர். அவர் மேசையைத் தாண்டிய பிறகே கோப்பு என் மேசைக்கு வரும்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், இந்தக் கட்டுரையால் எனக்குக் கிடைக்கும் நல்ல பெயர் யார் செலவில் என்று கேட்பார்.

பௌர்ணமிக்கு வரும் கூட்டத்துக்காகக் கிரிவலப் பாதையில் தற்காலிகக் கழிப்பிடங்கள் வைத்தது பற்றி மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை போக வேண்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த உதவியாளர் ஒருவர் வரைவு எழுதினார். கழிப்பிடங்கள் 'அட் தி எக்ஸ்பென்ஸ் ஆஃப் பில்கிரிம்ஸ்' அமைக்கப்பட்டன என்று அதில் இருந்தது. அம்மா அவரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"இது பக்தர்களுக்காக வச்சதா, பக்தர்கள் செலவுல வச்சதா?"

"பக்தர்களுக்காகத்தான் மேடம். எக்ஸ்பென்ஸ்னு போட்டா கொஞ்சம் கெத்தா இருக்கும்னு…"

"எக்ஸ்பென்ஸ்னு எழுதிட்டா யாராவது எதையாவது இழந்திருக்கணும். ஒருத்தருக்குக் கெடைக்குது, அதுக்காக இன்னொருத்தர் கிட்டேர்ந்து போகுது. போறது பணமாத்தான் இருக்கணும்னு இல்ல, தூக்கமா இருக்கலாம், மானமா இருக்கலாம். யார்கிட்டேர்ந்து போச்சோ அவங்க பேர்தான் அந்த 'ஆஃப்'புக்கு அப்புறம் வரணும். இங்க யார்கிட்டேர்ந்து போச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் போகல மேடம்."

"எங்க வச்சாங்க?"

"அடி அண்ணாமலை தாண்டி. ஒரு வீட்டு வாசலுக்கு எதிர்ல கொஞ்சம் எடம் இருந்துச்சு…"

"அந்த வீட்டுல யார் இருக்காங்க?"

 மறுநாள் உதவியாளரையே போய் விசாரித்துவரச் சொன்னார் அம்மா. கடைசியில், பக்தர்களின் வசதிக்காக, எதிர்வீட்டுக் குடும்பத்தின் செலவில் கழிப்பிடங்கள் அமைக்கப்பட்டன என்று ஆங்கிலத்தில் இலக்கணச் சுத்தமான ஒரு வாக்கியம் என் மேசைக்கு வந்தது. என் பணிக்காலத்தில் உண்மையும் இலக்கணமும் ஒரே வரியில் இருந்த அறிக்கைகள் குறைவு. கையெழுத்துப் போட்டேன். மேலிடத்தில் யாரோ அதைப் படித்தும்விட்டார்கள். அடுத்த பௌர்ணமிக்குக் கழிப்பிடங்கள் வேறு இடத்துக்குப் போயின. அம்மா கேட்டார்: "அங்க யார் இருக்காங்க?"

கண்டிப்பானவர் என்று நினைத்துவிட வேண்டாம். செங்கம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கும் குரலில்தான் கேட்பார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரின் குரல். எனக்கு அவர்மேல் ஆர்வம் வந்ததற்கு அதுதான் காரணம். குற்றம் சாட்டுகிறவர்களைக் கையாள எனக்கு நடைமுறை தெரியும். தெரிந்துகொள்ளக் கேட்கிறவர்களுக்கு ஒரு விதியும் இல்லை.

பேருந்தில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் உடனே உட்கார மாட்டார். "நீங்க எங்க இறங்கறீங்க?" என்பார். அடுத்த நிறுத்தம் என்றால் உட்காருவார். போளூர் என்றால் நின்றபடியே வருவார். அன்னையர் தினத்தன்று அலுவலக வாட்ஸப் குழுவில் தாயின் தியாகத்தைப் போற்றும் படங்கள் வரிசையாக வந்து விழும். எல்லாவற்றுக்கும் கீழே அவர் ஒரே பதில் போடுவார்: 'இன்னிக்குச் சமையல் யாரு?' அடுத்த ஆண்டு படங்கள் குறைந்தன. யாராவது "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் மேடம்" என்று கும்பிட்டால், "புண்ணியத்துல யாரும் நல்லா இருக்க முடியாதுங்க. செலவுலதான். யாரோடதுன்னு பாருங்க" என்பார். கும்பிட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் அந்த ஆள் நிற்பார்.

ஓர் அதிகாரியின் பணிநிறைவு விழா. ஒலிவாங்கியைப் பிடித்த ஒவ்வொருவரும் அவர் இரவு பகல் பாராமல், குடும்பத்தையே தியாகம் செய்து உழைத்தார் என்றார்கள். இது எங்கள் துறையில் எழுதப்படாத படிவம். பெயரை மட்டும் மாற்றிக்கொள்வோம். மாலை போடும் நேரத்தில் அம்மா எழுந்தார்.

"ஒரு சின்னத் திருத்தம்ங்க. தியாகம் பண்ணது சார் இல்ல. பண்ணப்பட்டது அவங்க வீட்டம்மா. மாலைய அவங்களுக்குப் போட்டாத்தான் சரியா இருக்கும்."

கூட்டம் கைதட்டியது. சாருக்கு முகம் கறுத்தது. சாரின் மனைவியோ மாலையை வாங்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, "மாலை இருக்கட்டும்ங்க. ரிட்டயர் ஆனதும் காசி கூட்டிட்டுப் போறேன்னு பதினஞ்சு வருஷமா சொல்றாரு. அதை மைக்ல சொல்லச் சொல்லுங்க, போதும்" என்றார். சாரும் சொன்னார். போனார்களாம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கண்காணிப்பாளர் அம்மாவின் கணவரிடமே ஒருநாள் கேட்டேன். அவர் தெற்கே ஒரு பஞ்சாலையில் நல்ல வேலையில் இருந்தவர். மனைவிக்கு இந்த ஊருக்கு மாற்றல் வந்தபோது வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். அம்மா அவரை யாருக்கு அறிமுகம் செய்தாலும், "இவர் செலவுலதான் நான் சூப்பிரண்டெண்ட்" என்பார். மற்ற ஆண்கள் நெளிவார்கள். அவர் சிரிப்பார்.

"பொண்ணு பாக்கப் போனப்பவே இப்படித்தான் சார். பஜ்ஜி நல்லா இருக்கே, பொண்ணு சுட்டதான்னு எங்கம்மா கேட்டாங்க. வழக்கமா ஆமான்னுதானே சொல்லுவாங்க? இவ, 'இல்லைங்க, எங்க அண்ணி சுட்டாங்க, கையையும் சுட்டுக்கிட்டாங்க, உள்ள மருந்து போட்டுட்டு இருக்காங்க'ன்னுட்டா. எங்கம்மா பஜ்ஜியத் தட்டுலயே வச்சுட்டாங்க."

"அப்புறம் எப்படிச் சம்மதிச்சீங்க?"

"நான் சாப்பிட்டு முடிச்சிருந்தேன் சார்."

இந்த ஊருக்கும் அந்தக் கேள்விக்கும் உள்ள பொருத்தத்தை நான் பிறகுதான் கவனித்தேன். எங்கள் ஊரின் முக்கியத் தொழில் துறவு. துறந்தவர்கள் தங்க, சாப்பிட, துறந்தவர்களைப் பார்க்க வருகிறவர்கள் தங்க, சாப்பிட என்று பாதி ஊர் பிழைக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் 'யார் செலவில்?' என்று கேட்டுக்கொண்டு நடமாடுவது ஆபத்து. ஆசிரமத்துப் பக்கம் செங்கம் சாலையில் ஒரு விருந்தினர் விடுதி உண்டு. ஞாயிறு காலைகளில் அதன் மாடிக்கூடத்தில் வெளிநாட்டு ஞானிகள் யாராவது பேசுவார்கள். உள்ளூர்ப் பெண்களும் வருவதால் தமிழில் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அம்மா ஊதியமில்லாமல் மொழிபெயர்த்தார். நான் ஞானத்துக்காகப் போகவில்லை; அவருக்காகப் போனேன்.

ஒரு ஞாயிறன்று பேசியவர் நெடிய உருவம், நரைத்த தாடி. கண்களை மூடி, மெல்லிய ஆங்கிலத்தில், தான் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் நன்றாக நடந்துவந்த நிறுவனத்தையும் விட்டுவிட்டு வந்ததாகவும், எல்லாவற்றையும் தியாகம் செய்த பிறகே அமைதி கிடைத்ததாகவும் சொன்னார்.

அம்மா தமிழில் சொன்னார்: "இவரு சம்சாரம், ரெண்டு புள்ளைங்க, கம்பெனில வேலை பாத்தவங்க, இவங்க எல்லாரோட செலவுலயும் இவருக்கு அமைதி கெடைச்சிருக்கு."

முன்வரிசையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி கையைத் தூக்கினார். "அந்தப் புள்ளைங்க இப்ப எங்க இருக்குதுங்க? யார் பாத்துக்கறாங்க?"

அம்மா அதை ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் கேட்டார். ஞானி கண்ணைத் திறந்தார். பதில் சொல்லவில்லை. நேரம் போனது. அதை மௌன உபதேசம் என்று எடுத்துக்கொண்டு விடுதிக்காரர்கள் கண்ணை மூடினார்கள், கூடமே மூடியது. திறந்த கண்கள் அந்தக் கூடத்தில் நான்கு ஜோடிதான்: ஞானி, அம்மா, பூக்கார அம்மாள், நான். பிறகு அம்மாவை மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. ஞானியையும் அடுத்த வாரம் காணோம். கோவாவுக்குப் போய்விட்டார் என்றார்கள். வீட்டுக்கே திரும்பிவிட்டார் என்றும் சொன்னார்கள். எது உண்மை என்று தெரிந்துகொள்ள இன்றும் எனக்கு ஆசை.

இவ்வளவும் வேடிக்கை. ஏழுமலை விஷயம் வேடிக்கை இல்லை.

ஏழுமலை எங்கள் பிரிவில் மூத்த உதவியாளர். கோப்பில் அடித்தல் திருத்தல் இராது; அந்த அளவுக்கு ஒழுங்கு. முதலில் பௌர்ணமிக்குக் கிரிவலம் போனார். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு தினமும் அதிகாலையில். ஒருநாள் விருப்ப ஓய்வுக் கடிதத்தை முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மூன்று மாத முன்னறிவிப்பு, தகுதியான பணிக்காலம், எல்லாம் சரியாக இருந்தது. காரணம் என்ற இடத்தில், இல்லறப் பற்றை நீக்கித் துறவு பூணுவதற்காக என்று எழுதியிருந்தார்.

"காரணம் எழுதணும்னு அவசியமே இல்ல ஏழுமலை" என்றேன். "எழுதினா நாலு பேர் விளக்கம் கேப்பாங்க." அதோடு நடைமுறையையும் சொன்னேன். அரசின் பார்வையில் துறவி உயிரோடிருப்பவரே. ஆகவே குடும்ப ஓய்வூதியம் கிடையாது. காவி கட்டினாலும் ஆண்டுக்கொருமுறை கருவூலத்துக்குப் போய், தான் இன்னும் இந்த உலகத்தில் இருப்பதாக நிரூபிக்க வேண்டும்.

"பென்ஷன் அப்டியே வூட்டுக்குத்தான் சார். எனக்கு ரெண்டு வேட்டி போதும்."

அம்மா கடிதத்தைப் படித்தார். வழக்கமான குரலில் கேட்டார். "யார் செலவுல ஏழுமலை?"

"அதான் மேடம், யார் செலவும் இல்ல. பணம் பூரா…"

"பணத்தைக் கேக்கல. உங்க அம்மாவ யார் பாத்துப்பாங்க?"

ஏழுமலையின் தாயார் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் இருந்தார். ஏழுமலையின் மகள் சென்னையில் வேலையில். வீட்டில் மனைவி செல்வி. மகள் வளர்ந்த பிறகு தபால் வழியில் படித்து, பி.எட். முடித்து, செங்கம் சாலையில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை வாங்கியிருந்தார். ஜூனில் சேர வேண்டும். காலையும் மாலையும் ஏழுமலை தாயைப் பார்த்துக்கொள்வது, பகலில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து இருப்பது என்று ஏற்பாடு. ஏழுமலை போனால் அந்த ஏற்பாடு போயிற்று. செல்வியின் வேலையும் போயிற்று.

"செல்வி ஒண்ணும் சொல்லல மேடம். 'உங்க இஷ்டம்'னுச்சு."

"நீங்க கேட்டீங்களா, சொன்னீங்களா?"

 கடிதத்தைக் குறிப்போடு என் மேசைக்கு அனுப்புவதற்கு முன் ஏழுமலை வீட்டுக்கு ஒருமுறை போய்வரப் போவதாக அம்மா சொன்னார். அதற்கு எந்த விதியிலும் இடமில்லை என்றேன். இல்லைதான் என்றார். நானும் கூடப் போனேன். என்ன நடக்கும் என்று பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அலுவலர் குடியிருப்பில் சின்ன வீடு. கூடத்திலேயே கட்டில்; அதில் கிழவி. செல்வி எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, மாமியாருக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினோம். பிறகு அம்மா ஏழுமலையைப் பார்த்தார்.

"போறது உங்க இஷ்டம். நான் தடுக்க வரல. ஆனா சரியான வார்த்தையில சொல்லிட்டுப் போங்க. 'செல்வி, உன் செலவுல நான் சாமியாராப் போறேன்'னு அவங்க மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க."

 ஏழுமலை தரையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். கடைசியில் சொன்னார். மெதுவாக, முழுதாக, அப்படியே சொன்னார். கோப்பில் நகல் எடுக்கிறவர் அல்லவா.

செல்வி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். கணவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"இதைச் சொல்ல வைக்கத்தான் வந்தீங்களா மேடம்? எனக்கு இது தெரியாதுன்னு நெனச்சிக்கினீங்களா? நல்லாத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். 'உங்க இஷ்டம்'னு ஒரு வார்த்தைல முடிச்சிட்டு, உள்ளுக்குள்ள திட்டிக்கினு கெடந்திருப்பேன். அதாவது எனக்கு மிச்சம் இருந்துச்சு. இப்ப நாலு பேர் முன்னால சொல்லிட்டாரு. இனிமே நான் சரின்னா தியாகி, வேணாம்னா ஒரு மனுஷன் மோட்சத்தைக் கெடுத்த பாவி. எது சொன்னாலும் ஊரு என்னைத்தான் பேசும். நீங்க கேட்டீங்களே கேள்வி, அது யார் செலவுல மேடம்?"

 அந்தக் கேள்வியை அம்மாவிடம் திருப்பிக் கேட்டவர்களை அதுவரை நான் பார்த்ததில்லை. அவர் முகத்தில் கோபம் வருமா, விளக்கம் வருமா என்று பார்த்தேன். இரண்டும் வரவில்லை.

"உன் செலவுலதாம்மா" என்றார். "நான் யோசிக்கல."

 செல்வி புடவைத் தலைப்பால் கிழவியின் வாயைத் துடைத்துவிட்டார்.

"சரி. கேட்டது கேட்டாச்சு. நான் சொல்றதையும் கேட்டுக்கினு போங்க. அவரு போகட்டும். தாராளமாப் போகட்டும். அவங்க அம்மாவையும் கூட்டிக்கினு போகட்டும்."

"செல்வி, சாமியாருக்கு எப்டி…" என்று ஏழுமலை ஆரம்பித்தார்.

"பொண்டாட்டியத்தான் விடணும்னு சொல்லியிருக்குது. அம்மாவ விடணும்னு எங்க சொல்லியிருக்குது?"

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் விதி என்று வந்துவிட்டால் எனக்குப் பொறுக்காது. முற்றும் துறந்தவருக்கும் தாய் விஷயத்தில் நம் மரபு எப்போதோ விலக்கு அளித்திருக்கிறது; தாயை வணங்கலாம், தாய்க்குக் கடைசிக் கடனும் செய்யலாம் என்றேன். ஏழுமலை என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

கட்டிலிலிருந்து கிழவி கோணிய வாயால் ஏதோ சொன்னார். செல்விக்கு மட்டும்தான் அது புரியும். "இன்னா சொல்லுது?" என்று ஏழுமலை கேட்டார்.

"மலை தெரியற மாதிரி ரூம் பாக்கச் சொல்றாங்க."

அப்படித்தான் நடந்தது. கடிதத்தில் காரணத்தை அடித்துவிட்டு அனுப்பினேன், ஆணை வந்தது. ஏழுமலை அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதைக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஓர் அறையை எடுத்தார். தாயைக் கட்டிலோடு கொண்டுபோனார். செல்வி ஜூனில் பள்ளியில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியாரைப் பார்க்க வருவார். மாமியாரை மட்டும்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவார்.

அம்மா மாறினாரா என்றால், கேள்வியை விடவில்லை. முன்பெல்லாம் யார் இருந்தாலும் கேட்டுவிடுவார். அதன்பிறகு கேட்பதற்கு முன் சுற்றிலும் ஒருமுறை பார்ப்பார். அலுவலகத்தில் பலர் அதைக் கவனிக்கவில்லை. வாரத்தில் இரண்டு மாலை அடி அண்ணாமலைக்கு ஷேர் ஆட்டோ பிடிப்பார் என்பதையும் கவனிக்கவில்லை. கிழவியின் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஏழுமலை மலையைச் சுற்றிவருவார். ஏன் போகிறார் என்று கேட்டேன். "மலை நல்லாத் தெரியுது சார் அங்கேர்ந்து" என்றார். ஓய்வு பெற்றதும் கணவரின் ஊருக்கே போய்விட்டார்கள். பிறகு நான் பார்க்கவில்லை.

அதற்கு முன் ஒரு பௌர்ணமி. இன்னும் வெயில் தாழவில்லை. கூட்டம் அப்போதுதான் திரள ஆரம்பித்திருந்தது. நான் பாதையிலிருந்து விலகி அந்த அறைப்பக்கம் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா. எதிரே காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏழுமலை போர்வை பிழிந்துகொண்டிருந்தார். தாடி நன்றாக வளர்ந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு புதுமண ஜோடி அவரைப் பார்த்தது. என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் அவர் காலில் விழுந்தார்கள்.

அதே நேரம் உள்ளேயிருந்து கிழவியின் குரல் வந்தது. ஏழுமலைக்கும் இப்போது அது புரிந்தது. பாதி பிழிந்த போர்வையைக் கல்லின்மேல் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

இருவரும் தலையைத் தூக்காமல் காத்திருந்தார்கள். அம்மா குனிந்து, "எழுந்திருங்கம்மா. அவரு வர நேரமாகும்" என்றார்.

அந்தப் பெண் மட்டும் முகத்தை உயர்த்தினாள். நெற்றியில் மண். "உள்ள பூஜையாங்க?"

"அவங்க அம்மாவுக்குத் துணி மாத்தறாரு."

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். கதவைப் பார்த்தாள், கல்லில் சொட்டிக்கொண்டிருந்த போர்வையைப் பார்த்தாள். அம்மா அதன் ஒரு முனையை எடுத்திருந்தார். அவள் எழுந்துபோய் மறுமுனையைப் பிடித்தாள். வளையல் குலுங்க இருவரும் எதிரெதிரே முறுக்கினார்கள். தண்ணீர் ஓடி மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வரை வந்தது. அவர் இன்னும் தலையைத் தூக்கவில்லை.